பெத்லகேமில் இரண்டாவது கிறிஸ்துமஸ்

2020 ஜனவரி 4, எருசலேம்

விமான நிலையத்தை விட்டு வெளியே வந்ததிலிருந்து மழை. சனிக்கிழமை, யூதர்களின் ஓய்வுநாள் என்பதால் ரயிலும் இல்லை, அரசுப் பேருந்தும் இல்லை. ஷேர் வேன் ஒன்று ஆள் சேரும்வரை நின்றது. அப்புறம் ஊரெல்லாம் சுற்றி ஒவ்வொருவரையும் அவரவர் வாசலில் இறக்கிவிட்டு, கடைசியாக எங்களைப் பழைய நகர மதிலின் டமாஸ்கஸ் வாசலில் விட்டது. அங்கிருந்து விடுதிக்குக் கல் பாவிய சந்து. சூட்கேஸ் சக்கரங்கள் இரண்டே நிமிடத்தில் தகராறு செய்ய ஆரம்பித்தன. தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு அத்தை முன்னால் நடந்தார். முழங்கால் வலிக்காரர், ஆனால் எருசலேமில் கால் வைத்த மறுநிமிடமே வலி போய்விட்டதாகச் சொன்னார். நான் நம்பவில்லை.

கன்னியர் நடத்தும் யாத்ரீகர் விடுதி. வெந்து கரைந்த பருப்பு சூப்பில் எலுமிச்சை பிழிந்து, எள் தூவிய வட்ட ரொட்டியோடு கொடுத்தார்கள். அந்தக் குளிருக்கு அதற்குமேல் என்ன வேண்டும்?

ஜனவரியில் ஏன் வந்தோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். டிசம்பர் கடைசியில் விடுதி வாடகை கட்டுப்படியாகாது. தேதியைச் சொன்னதும் அத்தைக்கு முகம் வாடிவிட்டது. “கிறிஸ்துமஸ் முடிஞ்சப்புறம் பெத்லகேமுக்குப் போறது கல்யாணம் முடிஞ்ச மண்டபத்துக்குப் போற மாதிரிப்பா” என்றார். அங்கே கிறிஸ்துமஸ் மூன்று முறை வரும் என்று சொல்லித்தான் சமாதானப்படுத்தினேன். கத்தோலிக்கருக்கும் புராட்டஸ்டண்டுகளுக்கும் டிசம்பர் 25. கிரேக்க, சிரிய, காப்டிக், எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் சபைகள் பழைய ஜூலியன் நாட்காட்டியை விடவில்லை; அது 13 நாள் பின்தங்கி ஓடுவதால் அவர்களுடைய 25 நமக்கு ஜனவரி 7. அர்மீனியர்கள் இயேசுவின் பிறப்பையும் திருமுழுக்கையும் சேர்த்து ஜனவரி 6-இல் கொண்டாடும் பழைய வழக்கத்தைக் காப்பவர்கள். புனித நாட்டில் அவர்களும் ஜூலியன் கணக்குப்படியே நடப்பதால் அது ஜனவரி 19.

நற்செய்தி நூல்களில் தேதியே கிடையாது. ரோமில் டிசம்பர் 25 கொண்டாடப்பட்டதற்குக் கிடைக்கும் பழைய சான்று கி.பி. 336-ஐச் சேர்ந்தது. முதல் மூன்று நூற்றாண்டுக் கிறிஸ்தவர்களுக்கு உயிர்ப்புதான் பெரிய விழா. அத்தை இதையெல்லாம் கேட்டுக்கொண்டார். “பிறந்தாரா இல்லையா, அதைச் சொல்லு. தேதி எதுவா இருந்தா என்ன” என்று போர்வையை இழுத்துக்கொண்டார்.

ஜனவரி 5, பெத்லகேம்

டமாஸ்கஸ் வாசலுக்கு வெளியே 231-ஆம் எண் பேருந்து. ஆளுக்கு ஏழு ஷேக்கல் வாக்கில் ஆனது. ஒரு ஷேக்கல் ஏறக்குறைய 20 ரூபாய். நேர்வழியில் பத்து கிலோமீட்டர்கூட இருக்காது; பேருந்து சுற்றிக்கொண்டு, சுரங்கப்பாதை வழியாகப் போகிறது. உள்ளே போகும்போது யாரும் எங்களை நிறுத்தவில்லை.

இறங்கிய இடத்திலேயே டாக்சிக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். கோயில் ரொம்பத் தூரம், மேடு, மழை வரும் என்று வரிசையாகக் காரணம் சொன்னார்கள். ஒருவர் 40 ஷேக்கல் கேட்டார். அத்தை தமிழிலேயே பேரம் பேசினார். அவர் அரபியில் பதில் சொன்னார். இருவருக்கும் விரல்கள் புரிந்தன. 15-க்கு முடிந்தது. வண்டியில் ஏறியதும் அத்தையின் ஈரக் காலணியைப் பார்த்துவிட்டு, கேட்காமலே ஹீட்டரைக் கால் பக்கம் திருப்பிவிட்டார் அந்த மனிதர். இறங்கும்போது அத்தை 20 கொடுத்தார்.

இயேசு பிறந்த இடமாகக் கருதும் குகையின்மேல் கட்டிய பிறப்புப் பேராலயத்தின் முகப்பைப் பார்த்ததும் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது. கோட்டைச் சுவர் மாதிரி ஒரு கல் சுவர். நடுவில் ஒரு சின்னத் துவாரம். அதுதான் வாசல். உயரம் 1.2 மீட்டர் வாக்கில் இருக்கும். உற்றுப் பார்த்தால் சுவரிலேயே வரலாறு தெரிகிறது: மேலே ஆறாம் நூற்றாண்டின் பெரிய வாசலுக்கு இருந்த நிலைக்கல், அதற்குள் சிலுவைப் போர் வீரர்கள் கட்டிய கூர்வளைவு, அதையும் அடைத்துக் கடைசியில் விட்டுவைத்த இந்தப் பொந்து. குதிரையோடும் வண்டியோடும் உள்ளே வந்துவிடாமலிருக்கக் குறுக்கியதாகச் சொல்கிறார்கள். இப்போது அதற்குத் தாழ்மையின் வாசல் என்று பெயர். கட்டிய காரணம் பாதுகாப்பு. பக்தி பிறகு வந்து உட்கார்ந்துகொண்டது. அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை. தலையைத் தாழ்த்தாமல் யாரும் உள்ளே போக முடியாது. எங்களுக்கு முன்னால் போன ஆறடி மனிதர் ஒருவர் தாழ்த்தியது போதாமல் நெற்றியில் நன்றாக வாங்கிக்கொண்டார்.

அத்தைக்குக் குனிவது பெரிதில்லை, நிமிர்வதுதான் கஷ்டம். உள்ளே போனதும் அப்படியே வளைந்த நிலையில் கொஞ்ச நேரம் நின்றார். “கிறிஸ்துமஸ் பூசையில ‘மனிதர் ஆனார்’னு சொல்ற இடத்துல எல்லாரும் முழங்கால் போடுவோமே, அது மாதிரி நினைச்சுக்கிறேன்” என்றார். வருடம் முழுக்க விசுவாச அறிக்கையில் அந்த வரிக்குத் தலை வணங்கினால் போதும். கிறிஸ்து பிறப்பு விழாவிலும், அந்தப் பிறப்பை வானதூதர் மரியாவுக்கு அறிவித்த விழாவிலும் மட்டும் முழங்கால் மண்ணில் பட வேண்டும். சிறு வயதில் அது எங்களுக்கு ஒரு விளையாட்டு. எழுந்து நிற்கும் சலசலப்பில் பக்கத்திலிருப்பவனைத் தள்ளிவிடுவோம்.

உள்ளே விசாலம். இருபுறமும் செந்நிறக் கல் தூண்கள். அவற்றில் சிலுவைப் போர்க் காலத்தில் தீட்டிய புனிதர்களின் உருவங்கள் மங்கலாகத் தெரிகின்றன. தரையில் ஓரிடத்தில் பலகையைத் திறந்து வைத்திருக்கிறார்கள். கீழே பழைய கோயிலின் மொசைக் தளம். ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் காலத்தில் கட்டி 339-இல் அர்ச்சித்த கோயில் அது. ஆறாம் நூற்றாண்டில் திரும்பக் கட்டியதுதான் இப்போது தலைக்குமேல் இருக்கிறது. இதற்கெல்லாம் முன்பே, இரண்டாம் நூற்றாண்டின் நடுவில் வாழ்ந்த புனித ஜஸ்டின் இயேசு ஒரு குகையில் பிறந்ததாக எழுதியிருக்கிறார். அவர் இந்த மண்ணுக்காரர்தான், ஊர் இன்றைய நாப்ளஸ்.

குகைக்கு இறங்கும் வரிசையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நின்றோம். நைஜீரியப் பெண்கள் கூட்டமொன்று தாழ்ந்த குரலில் பாடிக்கொண்டே நகர்ந்தது. முன்னால் நின்ற இந்தோனேசியர் அத்தைக்கு மடக்கு நாற்காலியைக் கொடுத்துவிட்டு, வரிசை நகரும்போதெல்லாம் அதைத் தானே தூக்கி வந்து போட்டார். கொடியோடு ஒரு வழிகாட்டி தன் குழுவைப் பக்கவாட்டில் நுழைக்கப் பார்த்தார். நைஜீரியப் பெண்கள் பாட்டை நிறுத்தாமலே தோளோடு தோள் நின்று அடைத்துவிட்டார்கள்.

குகை சிறியது, 12 மீட்டர் நீளம், மூன்று மீட்டர் அகலம் இருந்தால் அதிகம். தீக்குப் பயந்து சுவரில் துணி போர்த்தியிருக்கிறார்கள். எண்ணெய் விளக்கு வாசனை, மனித மூச்சின் வெக்கை. பீடத்துக்குக் கீழே பளிங்கில் பதித்த வெள்ளி நட்சத்திரம், 14 முனைகள். ஆபிரகாம் முதல் தாவீது வரை 14 தலைமுறை, அங்கிருந்து பாபிலோன் சிறையிருப்பு வரை 14, அதன்பின் கிறிஸ்து வரை 14 என்று மத்தேயு தன் நற்செய்தியில் எண்ணுகிறாரே, அதைக் குறிப்பது என்பார்கள். கன்னி மரியாவிடமிருந்து இயேசு கிறிஸ்து இங்கே பிறந்தார் என்று லத்தீனில் சுற்றி எழுதி, 1717 என்று போட்டிருக்கிறது. அத்தை மண்டியிட்டுக் கையை உள்ளே விட்டார். ‘யல்லா, யல்லா’ என்று காவலர் அவசரப்படுத்தினார். அத்தையால் எழ முடியவில்லை. கறுப்பு அங்கி போட்ட துறவி ஒருவர் வந்து, எதுவும் பேசாமல் முழங்கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்திவிட்டுப் போனார். கிரேக்கரா அர்மீனியரா என்று தெரியவில்லை.

அது தெரியாமல் இருப்பது இங்கே சாதாரண விஷயமில்லை. நட்சத்திரத்துக்கு மேல் தொங்கும் 15 விளக்குகளில் ஆறு கிரேக்கருக்கு, ஐந்து அர்மீனியருக்கு, நான்கு லத்தீன்காரர்களுக்கு, அதாவது கத்தோலிக்கருக்கு. எந்தப் படியை யார் பெருக்குவது, எந்த விளக்கில் யார் எண்ணெய் ஊற்றுவது என்பதுகூட ஒட்டோமான் காலத்து ‘உள்ளது உள்ளபடி’ ஏற்பாட்டின்படிதான் நடக்கிறது. 1847-இல் இந்த நட்சத்திரம் திருடுபோனது. லத்தீன்காரர்கள் கிரேக்கர்களைச் சொன்னார்கள். 1853-இல் சுல்தான் வேறொன்று வைத்துக்கொடுத்தார். கிரிமியப் போருக்கு வழிவிட்ட தகராறுகளில் இதுவும் ஒன்று. 2011 டிசம்பரில் கிரேக்க, அர்மீனியத் துறவிகள் பெருக்கும் எல்லை பற்றித் துடைப்பத்தாலேயே அடித்துக்கொண்டு, போலீஸ் வந்து விலக்கிவிட்டது.

மேலே வந்து உட்கார்ந்து இதை அத்தையிடம் சொன்னேன். சமாதானப் பிரபு பிறந்த இடத்தில் இப்படியா என்று கேட்டேன். அவர் அதிர்ச்சியாவார் என்று எதிர்பார்த்தேன்.

“இடம்னு ஒண்ணு இருந்தாத்தானேப்பா சண்டை வரும்” என்றார். “எல்லா இடத்துலயும் இருக்கிற கடவுளுக்காக யார் துடைப்பத்தை எடுப்பா? இவரு ஒரு இடத்துல பிறந்துட்டாரே.”

தங்குவது பழைய தெருவில் ஒரு வீட்டு விடுதி. வீட்டுக்காரம்மா பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், கிரேக்க ஆர்த்தடாக்ஸ். பிறப்பு விழாவுக்கு முன் 40 நாள் நோன்பு. இறைச்சி, பால், முட்டை எதுவும் கிடையாது. விருந்தாளிக்கு லப்னே என்ற கெட்டித் தயிர் வைக்க முடியவில்லையே என்று மன்னிப்புக் கேட்டபடி முஜத்தரா பரிமாறினார்: அரிசியும் மைசூர் பருப்பும் சேர்த்து வேகவைத்து, மேலே கருகும் பதத்துக்கு வறுத்த வெங்காயம். அத்தை இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார்.

ஜனவரி 6, பெத்லகேம்

இன்றைக்கு நடந்த வேடிக்கை இதுவரை எங்கும் பார்க்காதது. காலையில் பேராலயத்தை ஒட்டியிருக்கும் புனித கத்தரீனாள் கோயிலில் கத்தோலிக்கரின் திருக்காட்சி விழா. அதாவது பிள்ளை இயேசுவைப் பார்க்க வந்த ஞானிகள், நம் பேச்சில் மூன்று ராஜாக்கள், வந்து சேர்ந்துவிட்டார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் ஆர்த்தடாக்ஸ்காரர்களுக்கு இன்று கிறிஸ்துமஸ் முந்தின நாள். பிள்ளை இன்னும் பிறக்கவே இல்லை. நடுவில் ஒரு கதவு. “ராஜாக்கள் கொஞ்சம் உட்கார்ந்து காத்திருக்கட்டும்” என்றார் அத்தை.

கத்தரீனாள் கோயிலில் ஒரு பேழைக்குள் கட்டைவிரல் அளவு மரத்துண்டு வைத்திருக்கிறார்கள். பிறந்த இயேசுவைக் கிடத்திய தீவனத் தொட்டியின் துண்டாக மரபு கருதுவது. ஏழாம் நூற்றாண்டில் இங்கிருந்து ரோமுக்குப் போன மரத்திலிருந்து எடுத்து, திருத்தந்தை பிரான்சிஸ் போன நவம்பரில்தான் அனுப்பிவைத்தார். அதைச் சுற்றி ஒரே செல்போன். அத்தை ஜெபமாலையை அதன்மேல் படும்படி வைத்து எடுத்தார். எனக்கு அதில் பெரிதாக எதுவும் தோன்றவில்லை.

வெளியே சதுக்கத்தில் தாங்க முடியாத குளிர் காற்று. ஒவ்வொரு சபைத் தலைவராக எருசலேமிலிருந்து வந்து இறங்க, சாரணர் அணிகள் பேண்டு வாத்தியத்தோடு வரவேற்கின்றன. பேக்பைப் ஊதுகிறார்கள்! பிரிட்டிஷ்காரன் விட்டுப்போனதை இவர்கள் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். மேளம் அடித்த பெண்ணுக்குப் பத்து வயது இருக்கும்; மூக்கு சிவந்து ஒழுக, துடைக்கக் கை இல்லாமல் அடித்துக்கொண்டே போனாள். சிரியர்கள், காப்டிக்காரர்கள், வெள்ளைத் துணி போர்த்திய எத்தியோப்பியர்கள், கிரேக்க முதுபெரும் தந்தை என்று வந்துகொண்டே இருந்தார்கள். எதிரே உமர் பள்ளிவாசலில் தொழுகை அழைப்பு எழுந்தபோது ஊர்வலத்தில் பாதிப் பேர் தேநீருக்கு ஒதுங்கினார்கள். சஹ்லப் என்று சூடான கெட்டிப் பால் பானம், பட்டைத்தூள் தூவியது, பத்து ஷேக்கல். இரண்டு குடித்தேன். நோன்புக்காரர்களுக்கு ஏலக்காய் போட்ட கறுப்புக் காபி, ஐந்து.

மாலையில் பிரான்சிஸ்கன் துறவிகள் பொன், சாம்பிராணி, வெள்ளைப்போளம் மூன்றையும் ஏந்திக் குகைக்கு ஊர்வலமாகப் போனார்கள். பொன் அரசருக்கு, சாம்பிராணி கடவுளுக்கு. வெள்ளைப்போளம் பிணத்துக்குப் பூசுவது. பச்சைப் பிள்ளையைப் பார்க்க வருகிறவன் அதைக் கொண்டுவந்தால் வீட்டில் சும்மா விடுவார்களா? மறைக்கல்வி வகுப்பில் இதைப் படித்திருக்கிறேன். அப்போது மூன்றில் ஒன்று, அவ்வளவுதான்.

அது வேறு மாதிரி உறைத்தது இரவில்தான். பாலஸ்தீன அதிபர் வரக்கூடும் என்று பாதுகாப்புக் கெடுபிடி. முன்கூட்டியே போய் உள்ளே நின்றுவிட்டோம். நின்றுவிட்டோம் என்பது உண்மையிலேயே நின்றுவிட்டோம்தான், நடுக்கோயிலில் எங்களுக்கு இருக்கை எதுவும் இல்லை. கிரேக்கத்திலும் அரபியிலும் மாறி மாறிப் பாட்டு. மணிக்கணக்கில் போனது. பிள்ளைகள் அழுதார்கள், தூங்கினார்கள், ஒன்று வாந்தி எடுத்தது. யாரும் முகம் சுளிக்கவில்லை.

பக்கத்தில் நின்றவர் நாசரேத்திலிருந்து வந்த பள்ளி ஆசிரியர், நல்ல ஆங்கிலம். நடுவில் வைத்திருந்த பிறப்புத் திருவோவியத்தைக் காட்டி, “குழந்தையை எப்படிச் சுற்றியிருக்கிறார்கள் பாருங்கள்” என்றார். பார்த்தேன். துணியைக் குறுக்கும் நெடுக்குமாக இறுக்கிக் கட்டியிருந்தது. கிடத்தியிருந்த தொட்டி நாலு மூலையும் செதுக்கிய கல் பெட்டி. பின்னால் கறுப்புக் குகை. “இதே துணி, இதே கல், இதே குகை. எங்கள் ஓவியர்கள் கல்லறையைத்தான் வரைகிறார்கள்” என்றார். பெரிய வெள்ளியன்று பாடும் பாட்டு ஒன்றின் அமைப்பிலேயே பிறப்புக்கும் ஒரு பாட்டு இருக்கிறதாம். பூமியைத் தண்ணீர்மேல் தொங்கவிட்டவர் இன்று மரத்தில் தொங்குகிறார் என்பது அங்கே. படைப்பைக் கையில் வைத்திருப்பவர் இன்று கன்னியிடம் பிறக்கிறார் என்பது இங்கே.

ஓவியத்தின் கீழ் மூலையில் மரியாவின் கணவர் சூசையப்பர் தனியாக, தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறார். மறு மூலையில் இரண்டு பெண்கள் குழந்தையைக் குளிப்பாட்டத் தண்ணீர் ஊற்றுகிறார்கள். ஒருத்தி சூடு பார்க்கக் கையை விட்டிருக்கிறாள். நம் குடில்களில் யாரும் குழந்தையைக் குளிப்பாட்டுவதில்லை. அது எப்போதும் சுத்தமாக, சிரித்துக்கொண்டு, கை இரண்டையும் விரித்தபடி, குளிருக்கு ஒரு துண்டுகூடச் சரியாக இல்லாமல் கிடக்கும். பிறந்தவன் ஒருநாள் சாவான் என்பதை அந்தப் பொம்மை நினைவூட்டுவதே இல்லை. சபை விசுவசிப்பதோ அதைத்தான்: சாக முடியாதவர் சாகக்கூடிய உடலை எடுத்துக்கொண்டார்.

அத்தை இரண்டு மணிக்கு மேல் தாங்கவில்லை. தூணில் சாய்ந்தபடியே தூங்கிவிட்டார்.

ஜனவரி 7, பெத்லகேம், பேத் சாகூர்

காலையில் வீட்டுக்காரம்மா “அல் மசீஹ் வுலித்” என்றார். கிறிஸ்து பிறந்தார். பதில் சொல்லவும் கற்றுக்கொடுத்தார்: “ஃபமஜ்ஜிதூஹ்”, அவரை மாட்சிப்படுத்துங்கள். அத்தை அதைச் சொல்லிச் சொல்லித் தெருவில் பார்த்தவர்களுக்கெல்லாம் வாழ்த்து வழங்கினார். வாங்கியவர்களில் முஸ்லிம்களும் இருந்தார்கள், சிரித்துக்கொண்டே பதில் சொன்னார்கள்.

பக்கத்திலிருக்கும் பேத் சாகூரில், வானதூதர் இடையர்களுக்குத் தோன்றியதாகச் சொல்லும் இடையர் வயல் ஒன்றுக்கு மேல் உண்டு. ஒன்று ஆர்த்தடாக்ஸ், ஒன்று கத்தோலிக்கம். கத்தோலிக்க வயலில் 1950-களில் பர்லூச்சி என்ற இத்தாலியக் கட்டடக் கலைஞர் கட்டிய கூடார வடிவச் சிற்றாலயம் அழகு. வேறு சொல்ல எதுவும் இல்லை. சேறு.

மதியச் சாப்பாட்டுக்கு நாங்களும் வீட்டு ஆட்கள். நோன்பு முடிந்த வீடு எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. திராட்சை இலையில் அரிசி வைத்துச் சுருட்டியது, சுரைக்குள் அடைத்தது, ஆட்டுக்கறியோடு மஞ்சள் சோறு, பேரீச்சம்பழம் வைத்த மாமூல் என்ற மாவுப் பலகாரம். தட்டு காலியாகும் முன்பே நிரம்பிவிடும். போதும் என்று சொல்வதை யாரும் காதில் வாங்கவில்லை. மகன், மருமகள், ஆறு மாதக் கைக்குழந்தை. அது சாப்பாடு முழுக்கக் கைமாறிக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரம் என்னிடமும் வந்து, சட்டையை நனைத்துவிட்டுப் போனது.

ஊறுகாய் ஆலிவ் எடுக்க வீட்டுக்காரம்மா கீழே போனபோது நாங்களும் போனோம். வீட்டுக்கு அடியில் குகை! இங்கே பழைய வீடுகள் பலவற்றுக்கு அப்படித்தானாம். மேலே மனிதர்கள், கீழே ஆடும் கழுதையும். அவர் மாமியார் காலம் வரை கீழே ஆடு இருந்திருக்கிறது. இப்போது கேஸ் சிலிண்டர், பழைய சைக்கிள், ஆலிவ் ஜாடிகள். மூலையில் ஒரு கல் தொட்டி. ஒரே பாறையைக் குடைந்தது, மூன்றடி நீளம் இருக்கும். முன்விளிம்பு மட்டும் உள்வாங்கி வழவழவென்று தேய்ந்திருந்தது. ஆடுகள் கழுத்தை வைத்துத் தேய்த்த இடம். உள்ளே உருளைக்கிழங்கு.

அத்தை உள்ளங்கையை அதன் அடியில் வைத்துப் பார்த்தார். “ஐஸ் மாதிரி இருக்கு. இதுல பிள்ளையப் போட்டா சளி பிடிச்சுடாதா? சூசையப்பர் கொஞ்சம் வைக்கோலாவது போட்டிருப்பாரு.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “மாதா தன் முந்தானையப் போட்டிருப்பா” என்றார்.

விடுதியில் இடம் கிடைக்காததால் தீவனத் தொட்டியில் கிடத்தினார்கள் என்று லூக்கா ஒரே வரியில் முடித்துவிடுகிறார். பாட்டிலும் நாடகத்திலும் நாம் அந்த விடுதிக்காரனைத் திட்டியே பொழுதைக் கழிக்கிறோம். நற்செய்தியில் அப்படி ஒருவன் வருவதே இல்லை. வானதூதர் இடையர்களுக்குச் சொன்ன அடையாளத்தைத்தான் அந்தக் குகையில் நின்றபோது நினைத்துக்கொண்டேன். மெசியா பிறந்திருக்கிறார் என்று அறிவித்துவிட்டு, அடையாளமாக அரண்மனையையும் படையையும் சொல்லவில்லை. துணியில் சுற்றித் தொட்டியில் கிடத்திய குழந்தை என்றார். தொட்டி தெரிந்த ஆட்களுக்குத் தொட்டியைச் சொன்னார். யார் வீட்டு வாசலிலும் தயங்கி நிற்கும் இடையன் அங்கே கேட்காமல் நுழைந்திருப்பான்.

மாலையில் மகன் காரில் ஊரைச் சுற்றிக்காட்டினார். வடக்கே, விவிலியத்தில் வரும் யாக்கோபின் மனைவி ராக்கேலின் கல்லறைப் பக்கம் இஸ்ரேல் எழுப்பிய பிரிவுச் சுவர். எட்டு மீட்டர் கான்கிரீட். அந்தக் கல்லறைக்குப் பெத்லகேம்காரர்கள் போக முடியாது. எங்களுக்கு இந்தியப் பாஸ்போர்ட் போதும், அவருக்கு எருசலேம் போக அனுமதிச் சீட்டு வேண்டும். பண்டிகைக்கு இந்த முறை அவருக்குக் கிடைத்தது, மனைவிக்குக் கிடைக்கவில்லை. இரண்டும் வெவ்வேறு நாளில் விண்ணப்பித்ததாம், அதுதான் காரணமோ என்னவோ என்று தோளைக் குலுக்கினார். ராக்கேல் தன் பிள்ளைகளுக்காக அழுகிறாள் என்ற பழைய வசனத்தை மத்தேயு நினைவுகூர்வது பிறப்புக் கதையின் நடுவில்தான், ஏரோது அரசன் பெத்லகேமின் குழந்தைகளைக் கொன்ற இடத்தில். டிசம்பர் 28 மாசில்லாக் குழந்தைகள் திருநாள். இயேசுவின் குடும்பமும் அகதியாக எகிப்துக்கு ஓடியது. பிறப்பு நிகழ்ச்சியைப் பற்றிப் பேசுகிறவர்கள் வழக்கமாக ஞானிகளோடு நிறுத்திக்கொள்வார்கள். மத்தேயு நிறுத்தவில்லை.

இரவு எனக்கு வயிறு சரியில்லை. ஆட்டுக்கறியைக் குறை சொல்ல மாட்டேன், நான்காவது முறை வாங்கியது நான்தான். வீட்டுக்காரம்மா சேஜ் இலை போட்ட தேநீர் வைத்துக் கொடுத்தார். காலையில் சரியாகிவிட்டது.

ஜனவரி 8, பெத்லகேம்

மறுபடி மழை. மதியத்துக்குள் எருசலேம் திரும்ப வேண்டும். பால் குகையை மட்டும் பார்த்துவிட்டுப் போகலாம் என்று அத்தை பிடிவாதம்.

வெள்ளைச் சுண்ணக்கல் குகை. எகிப்துக்கு ஓடும் வழியில் மாதா இங்கே ஒதுங்கிப் பால் கொடுத்தபோது ஒரு சொட்டுச் சிந்திப் பாறை வெளுத்ததாகக் கதை. குழந்தை வரம் கேட்டும் பால் சுரக்கவும் கிறிஸ்தவப் பெண்களும் முஸ்லிம் பெண்களும் வருகிறார்கள். கல் பொடியைப் பொட்டலமாகத் தருகிறார்கள். பீடத்தில் பால் கொடுக்கும் மாதா. சிந்திய பாலை நான் நம்பவில்லை. ஆனால் கொடுத்த பாலை நம்பாவிட்டால் கிறிஸ்தவமே இல்லை. கடவுள் மனித உடலெடுத்ததாகத் தோன்றியது மட்டுமே, உண்மையில் எடுக்கவில்லை என்று சொன்னவர்கள் முதல் நூற்றாண்டுகளிலேயே இருந்தார்கள். பசியும் அழுகையும் கடவுளுக்குக் கௌரவக் குறைவு என்று அவர்கள் நினைத்தார்கள். சபை அந்தக் கௌரவத்தை வேண்டாம் என்றது. 325-இல் நிசேயாவில் கூடிய பொதுச்சங்கத்தில் மகன் தந்தையோடு ஒரே பொருளானவர் என்றும், 431-இல் எபேசில் கூடிய பொதுச்சங்கத்தில் மரியா இறைவனின் தாய் என்றும் சொன்னார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் தலை சுற்றும்: உலகைப் படைத்தவர் பாலுக்கு அழுதார். எபேசு என்ற பெயரைக்கூட அத்தை கேட்டதில்லை. அவர் அருள் நிறைந்த மரியே சொல்லி, “தூய மரியே, இறைவனின் தாயே” என்று தொடங்கும்போது பக்கத்தில் ஒரு குழந்தை பசிக்குக் கத்தியது. பர்தா போட்ட அதன் அம்மா ஓரமாகத் திரும்பி உட்கார்ந்து கொடுக்க ஆரம்பித்ததும் அடங்கியது.

அதே தெருவில் ஆலிவ் மரப் பட்டறைகள். ஒன்றில் புகுந்தோம், பாதி மழைக்காக. உள்ளே மரத்தூள் வாசனை, தரை முழுக்கச் சுருள் சுருளாகச் சீவல். குடில் செட்டுக்கு முதலில் 350 ஷேக்கல் சொன்னார். அத்தை எழுந்தார். 280. அத்தை உட்கார்ந்தார். காபி வந்தது. எருதும் கழுதையும் நற்செய்தியில் இல்லை, எசாயா நூலில் ஒரு வசனத்திலிருந்து வந்து சேர்ந்தவை; அவற்றை எடுத்துவிட்டு விலையைக் குறையுங்கள் என்று நான் சும்மா சொன்னேன். “வாயில்லா ஜீவனை ஏண்டா விரட்டுற” என்று அத்தை என்னை அடக்கிவிட்டார். பிரான்சிஸ் அசிசியார் 1223-இல் கிரேச்சோவில் முதல் குடில் வைத்தபோது நிஜ எருதும் கழுதையும்தான் நின்றன என்று கடைக்காரர் அத்தைக்குத் துணை வந்தார்.

கடைசியில் 220-இல் நின்றது. அதற்குக் கீழே இறங்கமாட்டேன் என்றார். வேண்டுமானால் மூன்று ராஜாக்களைத் தனியாக எடுத்துவைத்துவிட்டு மீதியை 170-க்குத் தருகிறேன் என்றார். நான் அத்தையைப் பார்த்தேன். பையில் இருந்த ஷேக்கலை அவர் எண்ணினார்.

“ரெண்டு வயசுக்குள்ள இருந்த பிள்ளைகளைத்தானேப்பா ஏரோது தேடினான்?” என்றார். “அப்படின்னா ராஜாக்கள் வந்து சேர ரொம்ப நாள் ஆயிருக்கும். இப்போதைக்கு அவங்க வேண்டாம். அடுத்த தடவை வந்து வாங்கிக்கிறோம்னு சொல்லு.”

சொன்னேன். கடைக்காரர் சிரித்துக்கொண்டே பழைய செய்தித்தாளைக் கிழிக்க ஆரம்பித்தார்.